கையடக்க ஸ்ப்ரே கன்னா, கம்ப்ரஸரா? கழுவிப் பார்த்தவன் சொல்வது

கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, அப்பா காலத்து இரும்பு பீரோ. எங்கள் வீட்டில் பிரஷ்ஷுக்கு அடங்காத சாமான்கள் இவ்வளவுதான். சுவருக்கு ரோலர் போதும், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. கிரில் வளைவுகளுக்குள் பிரஷ்ஷை நுழைத்து நுழைத்து அடிப்பதற்குள்தான் மனிதனுக்குப் பொறுமை போய்விடுகிறது. அதனால் ஸ்ப்ரே என்று முடிவாயிற்று. எந்த ஸ்ப்ரே என்பதில் வீட்டுக்குள் இரண்டு கட்சி.

மச்சான் வைத்திருப்பது கையடக்க எலெக்ட்ரிக் கன். மோட்டாரும் காற்றாடியும் கன்னுக்குள்ளேயே இருக்கும், கீழே பிளாஸ்டிக் கப், பிளக்கைச் சொருகினால் வேலை ஆரம்பம். நான் வாங்கியது 25 லிட்டர் டேங்க் உள்ள ஒரு குதிரைத்திறன் கம்ப்ரஸரும், மேலே கப் வைத்த சாதாரண ஸ்ப்ரே கன்னும். இரண்டிலும் அடித்திருக்கிறேன், இரண்டையும் கழுவியிருக்கிறேன். என் ஓட்டு கம்ப்ரஸருக்கு. அதை மறைத்துக்கொண்டு நடுநிலை பேசப்போவதில்லை.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விலையில் கையடக்கம் ஜெயிக்கிறது. இரண்டாயிரம், மூவாயிரத்துக்குள் கிடைத்துவிடும். கம்ப்ரஸர், கன், ஹோஸ், ரெகுலேட்டர் எல்லாம் சேர்த்தால் அதைப்போல் நாலைந்து மடங்கு ஆகும். இடம் அடைப்பதும் சத்தம் போடுவதும் கம்ப்ரஸர். ஃபினிஷ் என்று பார்த்தால் 1.4 மில்லிமீட்டர் நாசில் போட்ட கன்னில் எனாமல் கண்ணாடியாக உட்காரும். கையடக்கத்தில் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத்தான் வரும், கேட்டுக்கு அது போதும். பறந்து வீணாகும் பெயின்ட் கையடக்கத்தில் குறைவு, ஏனென்றால் அதில் காற்று அதிகம், அழுத்தம் குறைவு. கம்ப்ரஸர் கன்னில் அழுத்தத்தை இரண்டு பார் அளவில் வைத்து அடித்தாலும் ஒரு புகைமூட்டம் எழும்பத்தான் செய்யும்.

இந்த இடத்தில் கோவைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசும் மாதங்களில் எந்த கன்னையும் வெளியே எடுக்காதீர்கள். கேட்டுக்கு அடித்த கறுப்பு, எதிர்வீட்டுக்காரர் வெள்ளைக் காரில் மிளகு தூவினாற்போல் போய் உட்காரும். அப்புறம் ரப்பிங் காம்பவுண்டும் சமாதானப் பேச்சும்தான்.

பாதுகாப்பில் இரண்டுக்கும் இருக்கும் பெரிய வித்தியாசத்தைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. கையடக்கத்தில் மோட்டார் உங்கள் கையிலேயே, பெயின்ட் ஆவிக்கு நடுவிலேயே சுற்றுகிறது. காற்றை அங்கிருந்துதான் உறிஞ்சுகிறது. இந்த வகை மோட்டார்களில் கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் சின்னச் சின்னப் பொறி பறப்பது சகஜம். தண்ணீர் கலக்கும் பெயின்டுக்கு இதனால் ஒன்றுமில்லை. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்குக் கலக்கும் என்சி தின்னர் விஷயம் வேறு. அதில் இருக்கும் டொலுயீன் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும், அசிட்டோன் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியிலேயே. நம் ஊர் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். எனாமலுக்குக் கலக்கும் மினரல் டர்பன்டைன் கொஞ்சம் சாது, ஏறக்குறைய 30, 40 டிகிரிக்கு மேல்தான் அந்த நிலைக்கு வரும். ஆனால் மே மாத மதியத்தில் இரும்பு கேட்டின் சூடு அதைத் தாண்டிவிடும். கையடக்கக் கன்னோடு வரும் புத்தகத்தில் எத்தனை டிகிரிக்குக் கீழ் தீப்பற்றும் திரவத்தை ஊற்றக்கூடாது என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். வாங்கியவுடன் அதைத் தேடிப் படியுங்கள். அந்த வரி இல்லாத கன்னில் தண்ணீர் பெயின்டைத் தவிர வேறெதையும் நான் ஊற்றமாட்டேன்.

கம்ப்ரஸரில் மோட்டாரும் பிரஷர் சுவிட்சும் பத்து மீட்டர் ஹோஸுக்கு அந்தப் பக்கம், காற்று வரும் திசையில் உட்கார்ந்திருக்கும். கையில் இருப்பது வெறும் உலோகம். அங்கே மோட்டார் பொறிக்கு வழியே இல்லை. இதற்காக மூடிய அறைக்குள் அடிக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சுவிட்ச் போர்டு, பூஜை விளக்கு, ஃப்ரிட்ஜ் எதுவும் ஆவிக்குப் பொறி கொடுக்கும்.

சரி, என்னை முடிவெடுக்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன். கழுவுவது. ஸ்ப்ரே அடிப்பது அரை மணி நேர வேலை என்றால், அதற்கப்புறம் கழுவுவதில்தான் கன்னின் ஆயுசு இருக்கிறது. வீட்டில் வாங்கிய ஸ்ப்ரே கன்கள் பரணுக்குப் போவதற்கு மோட்டார் எரிவது அநேகமாகக் காரணமாக இருக்காது. உள்ளே பெயின்ட் காய்ந்துபோய்த்தான் போகின்றன.

கையடக்கக் கன்னின் உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். காற்றாடியின் காற்றில் பெரும்பகுதி நாசிலைச் சுற்றி வெளியே போகிறது. கொஞ்சம் காற்று ஒரு சின்னக் குழாய் வழியாகக் கப்புக்குள் இறங்கிப் பெயின்டை மேலே தள்ளுகிறது. பெயின்ட் அந்தக் குழாயில் திரும்ப ஏறாமல் தடுக்க, காசளவு ரப்பர் ஜவ்வு ஒன்று வால்வாக இருக்கும். கப் நிறைய பெயின்ட் வைத்துக்கொண்டு கன்னைச் சாய்த்தீர்களோ, வேலைக்கு நடுவில் படுக்க வைத்தீர்களோ, பெயின்ட் அந்த ஜவ்வு வரைக்கும் போய்விடும். காய்ந்ததும் ஜவ்வு ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை மோட்டார் ஊரைக் கூட்டும், நாசிலில் ஒரு சொட்டு வராது. பல பேர் இந்தக் கட்டத்தில் நாசிலைத்தான் குத்திக்கொண்டிருப்பார்கள். குழாயைப் பிடுங்கி, வால்வு மூடியைத் திருகிக் கழற்றி, ஜவ்வை நகத்தால் மெதுவாக எடுத்துப் பார்க்க வேண்டும். தின்னரில் ஊறவிட்டால் அது உப்பிவிடும். எனாமல் என்றால் டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைத்து, சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து மாட்டுவதுதான் சரி. கிழிந்துபோனால் கதை முடிந்தது. மச்சானுக்காக அந்த ஜவ்வைத் தேடிப் போனபோது காந்திபுரத்துக் கடைக்காரர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்கு ஸ்பேரெல்லாம் வர்றதில்லீங்க, புதுசாவே ஒண்ணு எடுத்துக்கங்க” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த மாதிரி கன்களை அப்படித்தான் விற்கிறார்கள்.

பெரிய பிராண்டுகளின் கையடக்கங்களுக்கு உதிரி பாகம் ஆர்டர் போட்டால் வரும் என்கிறார்கள். நான் போட்டுப் பார்த்ததில்லை.

கம்ப்ரஸர் கன்னில் அடைத்துக்கொள்ளும் சாமான் மூன்று: ஏர் கேப் (காற்று வரும் முன்மூடி), நாசில் (பெயின்ட் வரும் ஓட்டை), நீடில் (அந்த ஓட்டையைத் திறந்து மூடும் ஊசி). மூன்றும் உலோகம். ஒரு ஸ்பேனர் இருந்தால் பிரித்துவிடலாம். மறந்துபோய் ஒரு மாதம் விட்டாலும் இந்த மூன்றை மட்டும் தின்னரில் ஊறப்போட்டால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். நீடில் வளைந்தாலோ நாசில் தேய்ந்தாலோ செட்டாகவே பெயின்ட் கடையில் கிடைக்கிறது. டிங்கரிங் பட்டறைகள் இருக்கும் எந்தத் தெருவிலும் அதை மாட்டத் தெரிந்த ஓர் அண்ணன் இருப்பார். கம்ப்ரஸர் செய்யும் எல்ஜி (Elgi) கம்பெனி 1960ல் கோவையில் பிறந்தது, ஊர் முழுக்க கம்ப்ரஸர் மெக்கானிக்குகள், அதனால் எனக்கு வசதி கூடுதல் என்று நீங்கள் சொல்லலாம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கன்னுக்கு வாஷரும் பேக்கிங்கும் நான் போன சின்ன ஊர்களிலும் கிடைத்திருக்கின்றன.

நான் கழுவும் முறை இது. மிச்ச பெயின்டை டப்பாவில் ஊற்றிவிட்டு, கப்பில் இரண்டு விரல் தின்னர் விட்டுக் குலுக்கி, ஒரு பழைய டின்னுக்குள் துணியைத் திணித்து அதற்குள் அடிப்பேன். அழுத்தத்தை ஒரு பாருக்குக் குறைத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஏர் கேப்பின் வாயைத் துணியால் பொத்தி ட்ரிகரைத் தொட்டால் காற்று பின்பக்கமாகப் போய்க் கப்பில் குமிழி விடும். உள்வழியில் ஒட்டியதெல்லாம் கழன்று வந்துவிடும். பிறகு ஹோஸைக் கழற்றி, ட்ரிகரை அழுத்தி மிச்சக் காற்றை விட்டபிறகுதான் ஸ்பேனரை எடுப்பேன். முதலில் நீடிலைப் பின்னால் இழுத்துவிட்டு அப்புறம் நாசிலைத் திருக வேண்டும், மாற்றிச் செய்தால் நீடில் நுனி உரசிப்போகும். நாசில் ஓட்டையில் கம்பி, ஊசி எதுவும் கூடாது. ஓட்டை ஒரு இழை கோணினாலும் பெயின்ட் விசிறிபோல் விரியாமல் ஒரு பக்கமாகத்தான் விழும். பல் விளக்கும் பழைய பிரஷ் போதும். முழு கன்னையும் தின்னரில் முக்கி வைக்கிற பழக்கம் சில பெயின்டர்களிடம் உண்டு, அதில் பேக்கிங் எல்லாம் கெட்டுவிடும். கடைசியாக நீடில் தண்டிலும் ட்ரிகர் முனையிலும் ஒரு சொட்டு எண்ணெய்.

அழுக்குத் தின்னரைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். இரும்பு டப்பாவில் மூடி வைத்தால் இரண்டு நாளில் கசடு அடியில் தங்கி மேலே தெளிந்து நிற்கும், அடுத்த முறை முதல் அலசலுக்கு அது ஆகும். எனாமல் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடுவது நிஜமான ஆபத்து. அதிலிருக்கும் காயும் எண்ணெய் காற்றோடு சேர்ந்து தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிட்டு, பிறகு குப்பையில் போடுங்கள்.

கம்ப்ரஸருக்கும் வைத்தியம் உண்டு. டேங்க் அடியில் ஒரு குழாய்த் திருகு இருக்கும். வேலை முடிந்ததும் அழுத்தத்தை நன்றாக இறக்கிவிட்டு அதைத் திறந்தால் காபி நிறத்தில் தண்ணீர் வரும். காற்றிலிருக்கும் ஈரம்தான் அது. வடிக்காமல் விட்டால் டேங்க் உள்ளே துருப்பிடித்துத் தகடு மெலியும். எட்டு பார் அழுத்தம் தாங்கும் டேங்க் மெலிவது விளையாட்டல்ல. சென்னை, நாகப்பட்டினம் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் ஹோஸில் ஒரு வாட்டர் செபரேட்டர் கட்டாயம் போட வேண்டும், இல்லாவிட்டால் பெயின்டில் அம்மைத் தழும்பு விழும். சேஃப்டி வால்வின் வளையத்தை அவ்வப்போது இழுத்து அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, கன்னில் வரும் காற்றால் சட்டைத் தூசியைத் தட்டும் பட்டறைப் பழக்கம் வேண்டவே வேண்டாம். தோல் கிழிந்த இடத்தில் காற்று உள்ளே புகுந்தால் ஆஸ்பத்திரிதான். வாங்கும்போது கன் கேட்கும் காற்றின் அளவையும் பாருங்கள். ஒரு குதிரைத்திறன் மெஷினுக்குக் காற்றை விழுங்கும் எச்விஎல்பி (காற்று அதிகம், அழுத்தம் குறைவு என்ற வகை) கன்னை மாட்டினால் அரை நிமிடத்தில் டேங்க் மூச்சு வாங்கும்.

மூன்றாவதாக, காற்றைக் கலக்காமல் பெயின்டையே அதிக அழுத்தத்தில் பம்ப் செய்து அடிக்கும் ஏர்லெஸ் என்று ஒன்று இருக்கிறது. வெளிச்சுவருக்கு எமல்ஷன் அடிக்க வாடகைக்கு எடுத்து வந்த பெயின்டர்கள் வேலை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், நான் பிடித்ததில்லை. ஒரு பகலில் வீட்டுச் சுவரை முடித்தார்கள். ஆனால் 15 மீட்டர் ஹோஸுக்குள் மட்டும் அரை லிட்டர் பெயின்ட் நிற்கும், அத்தனையையும் வெளியேற்றி அலச வேண்டும். அழுத்தமோ இரண்டாயிரம் பிஎஸ்ஐ அளவில். நுனிக்கு முன்னால் விரல் போனால் பெயின்ட் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் ஒரு புள்ளி, முதலில் வலிகூட இல்லாமல் போகலாம். பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு உட்காராமல் பெயின்ட் டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தால் விரலே போகலாம். என் அளவுள்ள வீட்டுக்கு இதைச் சொந்தமாக வாங்குவதில் அர்த்தமில்லை.

எந்த கன்னாக இருந்தாலும் மூக்குக்கு ஒரே சட்டம். துணி மாஸ்க்கோ என்95 மாஸ்க்கோ தின்னர் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜும் அதன்மேல் துகள் வடிகட்டியும் சேர்ந்த அரைமுக மாஸ்க் வேண்டும். வேலை முடிந்ததும் கார்ட்ரிட்ஜைக் காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைக்காவிட்டால் சும்மா இருக்கும்போதே ஆவியை இழுத்துத் தீர்ந்துவிடும். பழைய கிரில்லைச் சுரண்டும்போதும் கவனம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற சட்டம் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்டை உலர்ந்த எமரி பேப்பரால் தேய்த்தால் ஈயத்தூசி பறக்கலாம். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, குழந்தைகளைத் தள்ளி வைத்துவிடுங்கள். ஹார்டனர் கலக்கும் பியு (பாலியூரிதேன்) பெயின்டை வீட்டில் அடிக்காமல் பட்டறைக்குக் கொடுப்பதுதான் என் வழி. அதிலிருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஆஸ்துமாவைக் கிளப்பும்.

வருஷத்துக்கு ஒரு முறை, அதுவும் தண்ணீர் பெயின்டால் இரண்டு மூங்கில் நாற்காலி அடிப்பவருக்கு மச்சானின் கன்னே போதும். எனாமலும் ரெட் ஆக்சைடும் அடிக்கிற வீட்டில் கம்ப்ரஸர் நிற்கட்டும், டயருக்குக் காற்றடிக்கவும் ஏசி ஃபில்டர் தூசி ஊதவும் ஆகும், வேண்டாமென்றால் பாதி விலைக்காவது போகும். பழையது வாங்குகிறவர்கள் பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள். டேங்க் அடித் திருகைத் திறக்கச் சொல்லுங்கள். திருகு அசையவே இல்லை என்றால் அதன் சொந்தக்காரர் ஒருநாளும் தண்ணீர் வடித்ததில்லை, அந்த மெஷினை விட்டுவிடுங்கள்.