‘விண்டோஸில் சாவி வேலை செய்யாது’ என்பவரிடம் கணினியை ஒப்படைக்காதீர்கள்

ஜிஎஸ்டி கணக்கு முழுவதும் அலுவலகத்து விண்டோஸ் 11 கணினியில் இருக்கிறது. வீட்டிலிருந்தே அதற்குள் நுழைய எஸ்எஸ்ஹெச் சர்வர் (தொலைவிலிருந்து கணினிக்குள் பாதுகாப்பாக நுழையவிடும் மென்பொருள்) அமைத்துத் தரும்படி, தெரிந்தவர் சொன்ன ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ்காரரை அழைத்தேன். ‘சாஃப்ட்வேர் லைசென்ஸ்’ 3,500, கூலி 1,500 என்று 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். லைசென்ஸாவது மண்ணாவது! அவர் போட்ட ஓப்பன்எஸ்எஸ்ஹெச் என்ற எஸ்எஸ்ஹெச் மென்பொருள் 1999 முதலே இலவசம். விண்டோஸிலும் 2018 இறுதியிலிருந்து கூடுதல் வசதியாகக் கிடைக்கிறது. நான்கைந்து கிளிக்கில் சேர்த்துவிடலாம்.

பணம் போனதைக்கூட விட்டுவிடுகிறேன். கடவுச்சொல் கூடாது, அதற்குப் பதிலாக என்னை அடையாளம் காட்டும் ரகசியச் சாவிக்கோப்பு மட்டும்தான் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். அதன் ஜோடியாகச் சர்வரில் வைக்க வேண்டிய என் பொதுச்சாவியை என் பயனர் கோப்புறைக்குள் போட்டுப் பார்த்தார்; ஏற்கவில்லை. அரை மணி நேரம் முட்டிமோதிவிட்டு, ‘விண்டோஸில் சாவி வேலை செய்யாது சார்’ என்றார். நானும் தலையாட்டினேன். காரணம் வேறு என்று பிறகுதான் தெரிந்தது. நிர்வாகி உரிமையுள்ள கணக்கு என்றால் சர்வர் அந்தக் கோப்புறையை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. புரோகிராம்டேட்டாவில் உள்ள எஸ்எஸ்ஹெச் கோப்புறையில், ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் ஆதரைஸ்டு கீஸ்’ என்ற கோப்பில்தான் சாவியைத் தேடும். அந்தக் கோப்புக்கான அனுமதியும் நிர்வாகிகளுக்கும் சிஸ்டம் கணக்குக்கும் மட்டுமே இருக்க வேண்டும். தனக்குத் தெரியவில்லை என்று அவர் சொல்லியிருந்தால் எனக்குக் கோபமே வந்திருக்காது.

கடவுச்சொல் நுழைவை அப்படியே விட்டுவிட்டு, ரவுட்டரில் எஸ்எஸ்ஹெச்சின் வழக்கமான வாசலான 22ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவைத்தார். தன் வசதிக்கு ‘சப்போர்ட்’ என்று ஒரு நிர்வாகிக் கணக்கையும் என்னிடம் சொல்லாமலே உருவாக்கியிருந்தார்.

பதினோராம் நாள் தற்செயலாக, கணினியில் நடந்தவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் பதிவைத் திறந்தேன். ரூட், அட்மின், டெஸ்ட் என்று யார் யாரோ கதவைத் தட்டிய வரிகள். உருட்ட உருட்ட முடியவில்லை. நடுவில் ஒரு வரி மட்டும் வேறு மாதிரி: அதிகாலை 2.47, ‘சப்போர்ட்’, கடவுச்சொல் ஏற்கப்பட்டது. அவரா, வேறு எவனாவதா? கேட்டதற்கு, ‘வைரஸாக இருக்கும், நல்ல ஆன்டிவைரஸாக வாங்கிப் போடுங்கள்’ என்றார்.

இணைய வயரைப் பிடுங்கினேன். வங்கிக் கடவுச்சொற்களை வேறு கணினியிலிருந்து மாற்றினேன். வட்டை அழித்து விண்டோஸை மறுபடி நிறுவ ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று.

இப்படி யாராவது உங்களுக்கும் அமைத்துத் தந்திருந்தால் இன்றே பயனர் பட்டியலைத் திறந்து, தெரியாத பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எஸ்எஸ்ஹெச் சர்வரின் அமைப்புகள் உள்ள எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக் கோப்பில் ‘பாஸ்வேர்டு ஆதன்டிகேஷன்’ வரியைத் தேடுங்கள். எதிரே ‘நோ’ என்று இருந்தால் மட்டும் போதாது. வரியின் தொடக்கத்தில் # குறி இருந்தால் அந்த வரி இருந்தும் இல்லாததுதான்; கடவுச்சொல் நுழைவு திறந்தே இருக்கும். என் கோப்பில் அந்தக் குறி இருந்தது.