கரண்ட் பில்லைப் பாதியாக்கித் தருகிறேன் என்றவரிடம் 2,000 ரூபாயைக் கொடுத்து ஏமாந்தோம்

திருப்பூர்க்காரர்கள், அதிலும் பனியன் கம்பெனிச் சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்களிடம் பணம் வாங்கிய ஆள் இன்னும் பிடிபடவில்லை. அடுத்து யார் வீட்டுப் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரோ தெரியாது.

எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் போல ஓடும். முதல் 100 யூனிட் இலவசம் போக, பில் நானூறு ரூபாய்ச் சொச்சம் வந்துகொண்டிருந்தது. 2025 ஜூலைக் கடைசியில் மாமாவுக்கு (என் வீட்டுக்காரரின் அப்பா) நுரையீரல் ரொம்ப மோசமாகி, ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். 5 லிட்டர் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். அது 350 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு 18 மணி நேரம் ஓடினால் ஆறு யூனிட்டுக்கு மேல் ஆகிவிடும். மெஷின் வாடகைக்கு என்ன செய்வது என்று கவலைப்பட்டோமே தவிர, இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

அதே நேரத்தில்தான் வேலையும் படுத்தது. ஆகஸ்ட் 27-ம் தேதி அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் ஆர்டர்கள் நின்றன. வீட்டுக்காரர் ஓவர்லாக் டைலர். தினமும் ஒன்றரை ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தவருக்கு வாரத்தில் நாலு நாள் வேலை கிடைத்தாலே பெரிது என்றாகிவிட்டது. நான் செக்கிங் போய்க்கொண்டிருந்தேன். மாமாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நின்றுவிட்டேன்.

செப்டம்பர் 26-ம் தேதி ரீடிங் எடுக்க வந்தார்கள். 618 யூனிட். பில் மூவாயிரம் ரூபாய்க்கு மேல்.

500 யூனிட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கூடுதலாக ஓடிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101-லிருந்து 200 வரைக்கும் கிடைத்துவந்த குறைந்த விலையும் போய்விடும். 2025-ல் இருந்த கட்டணப்படி, 500-க்கு மேல் பத்து யூனிட் ஓடினாலே பில் முந்நூறு ரூபாய் போல ஏறும். வீட்டில் இந்த மாதிரி மெஷின் வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு முறையாவது மீட்டரில் ரீடிங்கைப் பார்த்துக் குறித்து வையுங்கள்.

எங்கள் கையில் இருந்தது தீபாவளிச் சீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிய 2,000 ரூபாய். அதை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஈ.பி. ஆபீசுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. "கட்ட முடியலைன்னு போய் நின்னா என்ன நினைப்பாங்க" என்றார் வீட்டுக்காரர். எனக்கும் கூச்சம்தான்.

வழக்கமாகப் பில் கட்டும் கம்ப்யூட்டர் கடையில் விசாரித்தோம். அங்கே அடிக்கடி வந்து உட்கார்ந்திருக்கும் ஒருவர், நாற்பது வயது இருக்கும், நாங்கள் பேசியதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து பேசினார். "அக்கா, விசைத்தறிக்காரங்களுக்குக் கவர்மென்ட்ல மானியம் தர்றாங்கல்ல? அதே மாதிரி வீட்டுல நோயாளி இருக்கறவங்களுக்கும் ஒரு கோட்டா இருக்குது. வெளியே சொல்ல மாட்டாங்க. பாதி கட்டினாப் போதும். மேலே பேசி முடிச்சுத் தர்றது என் பொறுப்பு" என்றார். பில்லுக்கு 1,500, அவருக்கு 500 என்று கையில் இருந்த 2,000 ரூபாயையும் கொடுத்துவிட்டோம்.

விசைத்தறிக்கு 1,000 யூனிட் வரை இலவசம் என்பது உண்மை. கைத்தறிக்கும் 300 யூனிட் உண்டு. எங்கள் தெருவிலேயே தறிக்காரர்கள் இருக்கிறார்கள், அதனால் அந்தப் பேச்சு எனக்குப் பொய்யாகத் தோன்றவில்லை. நமக்குத் தெரிந்த ஒரு நிஜத்தைச் சொல்லி, அதன் பக்கத்திலேயே பொய்யை வைத்தார். வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டுக்கு யாரும் மனுப் போட வேண்டியதில்லை, பில்லிலேயே தானாகக் கழிந்துவிடும். நோயாளிக் கோட்டா, ஏழைக் கோட்டா என்று பில்லைப் பாதியாக்குவதற்கு ஆபீசில் ஒன்றும் இல்லை. பின்னால் போய்க் கேட்டபோது அப்படித்தான் சொன்னார்கள்.

மறுநாள் மாலை அவரே வீட்டுக்கு வந்து ரசீது கொடுத்தார். ஏ4 தாளில் பிரின்ட். மேலே வாரியத்தின் முத்திரை, கீழே தொகை, தேதி எல்லாம் சரியாக இருந்தன. பெயர் இருக்கும் வரியின் மேல் மட்டும் ஊதா மையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தது. எங்கள் பெயர் அதற்கடியில்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். "மெசேஜ் எதுவும் வரலையே" என்று கேட்டதற்கு, "கோட்டாவுல கட்டினா வராதுங்க்கா" என்றார். ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன்.

அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு மூன்று நாள். காலை பத்தரை இருக்கும், மாமாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஃபேன் நின்றது. கூடவே மெஷின் கீய்ங் என்று கத்த ஆரம்பித்தது. கரண்ட் போனால் அப்படித்தான் அலாரம் அடிக்கும். வெளியே ஓடிப் பார்த்தால், லைன்மேன் பீஸ் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

ரசீதை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, போனில் எதையோ தட்டிவிட்டு, "ஏனுங்க, இது உங்க சர்வீஸ் நம்பரே இல்லீங்களே. கடைசி மூணு நம்பரைப் பாருங்க" என்றார். மீட்டர் பலகையில் பெயின்டில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்தேன், ரசீதைப் பார்த்தேன். வேறு யாரோ கட்டிய பில்லின் ரசீது அது.

பக்கத்து வீட்டு அக்கா மெஷினைத் தூக்கிக்கொள்ள, வீட்டுக்காரர் மாமாவைத் தாங்கிப் பிடித்து, அவர்கள் வீட்டுத் திண்ணையில் கொண்டுபோய் உட்கார வைத்தோம். இருபது அடி தூரம்தான். அதற்குள் மாமாவின் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. மெஷின் ஓட ஆரம்பித்துக் கால் மணி நேரம் கழித்துத்தான் அவரால் பேச முடிந்தது. "என்னால உங்களுக்கு எவ்வளவு செலவு கண்ணு" என்றார். அந்த 2,000 ரூபாய் போனதைவிட அந்த வார்த்தைதான் எனக்குத் தாங்கவில்லை.

ஈ.பி. பிரிவு அலுவலகத்துக்குப் போனோம். எந்த இடத்துக்குப் போகக் கூச்சப்பட்டு இந்த ஆளிடம் மாட்டினோமோ, அங்கே எங்களை யாரும் ஒரு சொல் தப்பாகப் பேசவில்லை. உதவிப் பொறியாளர் மாமாவின் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்தார். வெள்ளைத் தாளில் ஒரு மனு எழுதித் தரச் சொன்னார். பாதித் தொகையும் மறு இணைப்புக் கட்டணமும் அன்றைக்கு, மீதியைத் தாமதக் கட்டணத்தோடு ஒரு மாதத்துக்குள் என்று ஒத்துக்கொண்டார். அந்தப் பாதிக்கு என் கம்மலை அடகு வைத்தேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் கரண்ட் வந்தது. எல்லா ஆபீசிலும் இப்படித் தவணை கொடுப்பார்கள் என்று நான் உறுதி சொல்ல முடியாது, அது அந்த அதிகாரி எடுக்கும் முடிவு. ஆனால் பீஸைப் பிடுங்குவதற்கு முன்னால், ரீடிங் எடுத்த நாளிலிருந்து இருக்கும் 20 நாளுக்குள் போய்க் கேளுங்கள். மருத்துவக் காகிதங்களைக் கையோடு எடுத்துப் போங்கள்.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. எங்கள் இணைப்பில் மாமாவின் பழைய போன் நம்பர்தான் பதிவாகியிருந்தது. அந்த சிம் செத்து இரண்டு வருடம் ஆகிறது. பணம் கட்டினால் வரும் மெசேஜ், கட்டாவிட்டால் வரும் மெசேஜ் இரண்டுமே எங்களுக்கு வர வழியில்லை. இப்போது என் நம்பரை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் இணைப்பில் யார் நம்பர் இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். ரசீதை வாங்கினால் தொகையைப் பார்க்கும் முன்னால் சர்வீஸ் நம்பரை முழுவதுமாக ஒத்துப் பாருங்கள்.

பில் தொகையே தப்பு என்றால் அதற்கு வழி வேறு. மின்சாரச் சட்டம் 2003-ன் 56-வது பிரிவில், கேட்ட தொகை, முந்தைய ஆறு மாதச் சராசரிப்படி வரும் தொகை, இந்த இரண்டில் குறைவானதை ஆட்சேபத்தோடு கட்டிவிட்டால், தகராறு தீரும்வரை துண்டிக்கக் கூடாது என்று இருக்கிறது. மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கும் போகலாம். எங்கள் பில் சரியான பில், கட்டத்தான் வழியில்லை, அதனால் இது எங்களுக்குப் பொருந்தவில்லை. எதுவாக இருந்தாலும் முதலில் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, கூப்பிட்டுக் கேளுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

இந்த ஆள் நேரில் வந்தார். போனிலேயே ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். "இன்று இரவு 9.30-க்கு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த அதிகாரியைக் கூப்பிடுங்கள்" என்று யாருடைய செல் நம்பரோ போட்டு வரும் மெசேஜை நம்பாதீர்கள். அவர்கள் சொல்லும் எந்த ஆப்பையும் போனில் ஏற்றாதீர்கள். அப்படிப் பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

அந்த ஆளின் போன் அன்றிலிருந்து அணைந்தே கிடக்கிறது. கம்ப்யூட்டர் கடைக்காரர் தனக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை என்கிறார். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைத்திருக்கிறோம். ரொக்கமாகக் கொடுத்ததால் சாட்சி குறைவு, இன்னும் நாலு பேர் சேர்ந்து வந்தால் வழக்குக்குப் பலம் கூடும் என்றார் எழுத்தர். ஊதா ஸ்டாம்ப் குத்திய அந்த மாதிரி ரசீது உங்கள் வீட்டிலும் இருந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஸ்டேஷனுக்கு நானும் கூட வருகிறேன்.