கம்பெனி தள்ளாடினால் நம் கேம் என்ன ஆகும்? யூபிசாஃப்ட், இஏ, ஸ்டீம், ஜிஓஜி: ஓர் ஒப்பீடு

2024 மார்ச் 31-ஆம் தேதி 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வர்களை பிரெஞ்சு கேம் கம்பெனியான யூபிசாஃப்ட் அணைத்தது. 2014 டிசம்பரில் வந்த கேம் அது. அமெரிக்காவைச் சுருக்கி ஒரே வரைபடத்தில் அடக்கியிருப்பார்கள். ஒரு கடற்கரையில் காரைக் கிளப்பினால் மறு கடற்கரை வரை ஓட்டிக்கொண்டே போகலாம். தனியாக ஆடி முடிக்க ஒரு கதையும் உண்டு. ஆனால் தனியாக ஆடினாலும் சர்வரோடு தொடர்பு இருந்தாக வேண்டும் என்று கட்டியிருந்தார்கள். சர்வர் போனதும் எல்லாம் போச்சு. டிஸ்க்கை அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தவருக்கும் அதே கதிதான். அது போதாதென்று, சில நாட்களில் லாஞ்சரில் (கேமைத் திறக்க உதவும் கம்பெனியின் மென்பொருளில்) இருந்த உரிமத்தையும் ரத்து செய்தார்கள். காசு கொடுத்து வாங்கிய பைக்கை ஷோரூம்காரரே வந்து தள்ளிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது வாங்கியவர்களுக்கு.

டிஆர்எம், அதாவது திருட்டைத் தடுக்க கேமில் போடும் டிஜிட்டல் பூட்டு பற்றிய ஒப்பீடுகள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடும்: எத்தனை நாளில் கிராக் ஆகிறது (பூட்டு உடைபடுகிறது), வேகம் எவ்வளவு குறைகிறது. எனக்கு மூன்றாவது கேள்விதான் முக்கியம். பப்ளிஷருக்குப் பணமுடை வரும் நாளில், ஏற்கெனவே காசு கொடுத்துவிட்ட நம் கையில் என்ன மிஞ்சும்?

இஏ: அடி வாங்கித் திருந்தியது, பிறகு மறந்தது

2008 செப்டம்பரில் இஏ (எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்) கம்பெனியின் 'ஸ்போர்' வந்தது. ஒற்றைச் செல் உயிரில் தொடங்கி விண்வெளி நாகரிகம் வரை வளர்க்கும் கேம். கூடவே செக்யூரோம் பூட்டும் வந்தது. வாங்கிய ஒருவர் மூன்று முறைதான் ஆக்டிவேட் செய்யலாம். விண்டோஸை மறுபடி போட்டாலோ கம்ப்யூட்டரை மாற்றினாலோ ஒன்று கழியும். மூன்றும் தீர்ந்தால் கஸ்டமர் கேரிடம் கெஞ்ச வேண்டியதுதான். இதுவே குறைத்துக்கொண்ட திட்டம். பத்து நாளுக்கு ஒருமுறை கேம் தானாக இணையத்தில் போய் அனுமதி கேட்கும் என்றுதான் முதலில் சொல்லியிருந்தார்கள். அந்த மே மாதமே எதிர்ப்பு கிளம்பியதால் அதைக் கைவிட்டார்கள்.

அமேசானில் சில நாட்களுக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒற்றை நட்சத்திர விமர்சனங்கள் குவிந்தன. கலிஃபோர்னியாவில் வழக்கும் போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், கடைக்கு வரும் முன்பே கிராக் செய்த பிரதி டோரண்டில் வந்துவிட்டது. அந்த வருடம் அதிகம் திருடப்பட்ட கேம் இதுதான் என்று டோரண்ட்ஃப்ரீக் தளம் பட்டியலிட்டது. ஏறத்தாழ 17 லட்சம் டவுன்லோட். அந்தப் பிரதியில் மூன்று முறை என்ற கணக்கெல்லாம் கிடையாது. பூட்டு கடித்தது காசு கொடுத்தவரை மட்டும்தான்.

2009 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் இஏவுக்கு 100 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ஆயிரத்துக்கும் அதிகமானோர் வேலை இழந்தார்கள். டிஆர்எம்தான் இந்த நஷ்டத்துக்குக் காரணம் என்று அப்போது பலர் கைதட்டிச் சொன்னார்கள். அது சரியில்லை. உலகமே பொருளாதார நெருக்கடியில் இருந்தது, பல கேம்கள் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. ஆனாலும் வாடிக்கையாளரைப் பகைத்துக்கொள்ள அது நேரமில்லை என்று உறைத்திருக்க வேண்டும். மூன்று ஆக்டிவேஷன் ஐந்தானது. 2008 டிசம்பரிலேயே, வால்வ் நிறுவனத்தின் ஆன்லைன் கடையான ஸ்டீமில் செக்யூரோம் இல்லாமலே ஸ்போரை விற்றார்கள். அடுத்த வருடம் வந்த 'தி சிம்ஸ் 3'-க்கு டிஸ்க் உள்ளே இருக்கிறதா என்ற பழைய சோதனை மட்டும்தான்.

நான்கே வருடத்தில் அந்தப் பாடம் மறந்தது. 2013 மார்ச்சில் வந்த 'சிம்சிட்டி' இணையம் இல்லாமல் ஓடாது. வந்த வாரமே சர்வர்கள் திணறின; சமாதானமாக எல்லோருக்கும் ஒரு கேமை இலவசமாகக் கொடுத்தார்கள். கணக்கெல்லாம் சர்வரில் நடக்கிறது, ஆஃப்லைன் சாத்தியமில்லை என்று விளக்கம் வேறு. மோட் செய்பவர்கள் (கேமைத் திருத்தி மாற்றும் ரசிகர்கள்) இணையம் அறுந்தால் ஆட்டத்தைத் துண்டித்துவிடும் பகுதியை எடுத்துவிட்டு ஓட்டிக் காட்டினார்கள். சரியாக ஒரு வருடம் கழித்து, 'சாத்தியமில்லாத' ஆஃப்லைன் வசதி இஏவிடமிருந்தே வந்தது.

இப்போதைய நிலை? 2025 செப்டம்பரில் சவூதி அரசு முதலீட்டு நிதியும் இரண்டு அமெரிக்க நிறுவனங்களும் சேர்ந்து 5,500 கோடி டாலருக்கு இஏவை வாங்குவதாக அறிவித்தன. அதில் 2,000 கோடி கடன். வட்டி கட்ட வேண்டிய கம்பெனியின் கண்ணில், ஆள் குறைந்த பழைய கேமின் சர்வர் செலவு எப்படித் தெரியும் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

யூபிசாஃப்ட்: நேர் எதிர்ப்பக்கம் நின்றது

இதே யூபிசாஃப்ட் 2008-இல் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வை பிசிக்கு எந்தப் பூட்டும் இல்லாமல் வெளியிட்டது. டிஆர்எம்மால்தான் திருடுகிறோம் என்கிறீர்களே, பார்க்கலாம் என்ற சவால் அதில் இருந்தது. அதற்குச் சில மாதம் முன்னால் நடந்தது இன்னும் ருசி. 'ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2'-வை டவுன்லோடாக வாங்கியவர்களிடமும் கேம் டிஸ்க்கைக் கேட்டது. அதைச் சரிசெய்ய யூபிசாஃப்ட் கொடுத்த கோப்பைத் திறந்து பார்த்தால், அது ஒரு கிராக் குழு வெளியிட்ட கோப்பு. திருடனின் சாவியை வாங்கி வாடிக்கையாளருக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

2010-இல் தலைகீழ் மாற்றம். 'அசாசின்ஸ் கிரீட் 2', 'சைலன்ட் ஹன்டர் 5' இரண்டுக்கும் இடைவிடாத இணைய இணைப்பு கட்டாயம். லைன் அறுந்தால் கேம் அந்த நொடியே நின்றுவிடும். வெனிஸ் கூரைகளில் ஓடிக்கொண்டிருக்கும்போது மோடம் ஒரு தடவை கண் சிமிட்டினால் போதும். மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை, யூபிசாஃப்டின் அனுமதி சர்வர்கள் மீது தாக்குதல் நடந்தது. பாதிப்பு சிறிய அளவுதான் என்றது கம்பெனி. ஆனால் வெளியே நின்ற ஒவ்வொருவரும் பில் வைத்திருந்தவர். சில வாரங்களில் கிராக் வந்தது. அதில் ஆடியவர்களுக்கு எந்த ஞாயிறும் பிரச்சினை இல்லை. அந்த நிதியாண்டை யூபிசாஃப்ட் 4 கோடி யூரோவுக்கு மேல் நஷ்டத்தோடு முடித்தது. 2012 செப்டம்பரில், இனி முதல் முறை ஆக்டிவேட் செய்தால் போதும் என்று இறங்கிவந்தார்கள்.

அதே பிடிவாதம் வேறு உருவில் திரும்பியதுதான் 'தி க்ரூ'. இந்தத் தடவை பூட்டு என்ற பெயரே இல்லை. கேமே சர்வரோடு பின்னிக் கிடந்தது. 2022-23 நிதியாண்டில் யூபிசாஃப்டின் நஷ்டம் ஏறத்தாழ 49 கோடி யூரோ. சர்வர் அணைந்தது அதற்கு அடுத்த ஆண்டு. 2025-இல் சீனாவின் டென்சென்ட் நிறுவனம் 116 கோடி யூரோ போட்டது. அதற்காக உருவான துணை நிறுவனத்துக்குள் அசாசின்ஸ் கிரீட், ஃபார் க்ரை, ரெயின்போ சிக்ஸ் என்ற மூன்று பெரிய பெயர்கள் போய்விட்டன. வெளியே நிற்கும் மற்ற கேம்களுக்கு அந்தப் பணம் எந்த அளவுக்கு உதவும்?

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. நெருக்கடி முற்றியபோது 'தி க்ரூ 2'-க்கு ஆஃப்லைன் வசதி தருவதாக யூபிசாஃப்ட் வாக்களித்தது, 2025-இல் கொடுக்கவும் செய்தது. முதல் கேமை ரசிகர்களே தங்கள் சொந்த சர்வர் எழுதி மறுபடி ஓட வைத்திருக்கிறார்கள். அப்படியானால் செய்ய முடியாத வேலை இல்லை அது.

இடையில் டெனுவோ என்ற புதுப் பூட்டு. செக்யூரோம் செய்த ஆஸ்திரிய நிறுவனத்திலிருந்து பிரிந்தவர்களின் படைப்பு. 2014-இல் 'ஃபிஃபா 15' மூலம் வந்தது. கிராக் ஆக உண்மையிலேயே தாமதமாகிறது, அதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் 2021-இல் 'ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்' கிராக் பிரதி, விலைக்கு வாங்கிய பிரதியைவிடத் திக்காமல் ஓடியது. பிறகுதான் அதை வெளியிட்ட கேப்காம் பேட்ச் (திருத்தக் கோப்பு) விட்டது. சில மாதங்களில் டெனுவோவை எடுத்துவிடும் பப்ளிஷர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

ஸ்டீமும் ஜிஓஜியும்

ஸ்டீமும் பூட்டுதான். 2004-இல் 'ஹாஃப் லைஃப் 2' வாங்கியவர்கள் ஸ்டீமைத் திட்டிய திட்டு கொஞ்சமல்ல. இன்று யாரும் திட்டுவதில்லை, ஏனென்றால் வசதி பூட்டை மறைத்துவிட்டது. வால்வ் தனியார் நிறுவனம், பங்குச்சந்தைக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, பணத்துக்கும் பஞ்சமில்லை. ரூபாயில் விலை, இரண்டு மணி நேரத்துக்குள் ஆடிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும் வசதி, வேறு டிஆர்எம் இருந்தால் கேம் பக்கத்தின் வலது ஓரத்தில் அறிவிப்பு. எல்லாம் நல்லதுதான். ஆனால் நீங்கள் வாங்குவது உரிமம் மட்டுமே என்று 2024 முதல் பணம் கட்டும் இடத்திலேயே எழுதிவிட்டார்கள். யூபிசாஃப்ட் கேமை ஸ்டீமில் வாங்கினால் யூபிசாஃப்ட் லாஞ்சரும் பின்னாலேயே வரும். அப்போது பூட்டு இரண்டு.

ஜிஓஜி 2008-இல், ஸ்போர் வந்த அதே மாதம், போலந்தில் தொடங்கியது. 'விட்சர்' செய்த சிடி ப்ராஜெக்ட்டின் கடை. இன்ஸ்டாலரை டவுன்லோட் செய்து வைத்துக்கொண்டால் முடிந்தது. லாஞ்சர் வேண்டாம், இணையம் வேண்டாம். அவர்களும் மகான்கள் இல்லை. 2021-இல் இணையம் இல்லாமல் பாதி வசதி திறக்காத 'ஹிட்மேன்' கேமைக் கடையில் வைத்தார்கள். வாங்கியவர்கள் விமர்சனத்திலேயே வறுத்தெடுத்ததும் எடுத்துவிட்டார்கள். புதிய பெரிய கேம்கள் பல அங்கே வருவதே இல்லை. பணபலத்தில் இந்த நால்வரில் ஜிஓஜிதான் கடைசி. 2025 டிசம்பரில் சிடி ப்ராஜெக்ட் அதை நிறுவனர்களில் ஒருவரிடமே ஏறத்தாழ 9 கோடி ஸ்லோட்டிக்கு விற்றுவிட்டது. இஏவின் விலையோடு ஒப்பிட்டால் டீ செலவு.

ஆனால் மேலே கேட்ட கேள்விக்கு மற்ற மூவரிடமும் கிடைக்காத பதில் இங்கேதான் இருக்கிறது. ஜிஓஜி நாளைக்கே கடையை மூடினாலும் என் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள 'விட்சர் 3' ஓடும். அந்த 'விட்சர் 3' ஜிஓஜியில் பூட்டில்லாமலே கிடைத்தும் மொத்தத்தில் கோடிக்கணக்கில் விற்றது என்பதையும் மறக்கக் கூடாது. பழைய ஸ்போர்கூட இப்போது அங்கே கிடைக்கிறது, அதே இஏவின் சம்மதத்தோடு.

ஆகவே என் வழக்கம் இது. தனியாக ஆடும் கேம் ஜிஓஜியில் இருந்தால் அங்கேதான், நூறு இருநூறு ரூபாய் கூடுதலானாலும். இல்லையென்றால் ஸ்டீம், வலது ஓர அறிவிப்பைப் படித்த பிறகு. யூபிசாஃப்ட் கேமா, பெரிய தள்ளுபடி வரும் வரை காத்திருந்து, வாடகை என்று நினைத்தே காசு கட்டுவேன். இஏவின் ஆன்லைன் கேம்களுக்கும் அதே விதி.

ஜிஓஜியில் வாங்குபவர்களுக்கு ஒன்று: லாஞ்சர் வழியாக இன்ஸ்டால் செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இணையதளத்தில் உங்கள் கணக்குக்குள் போய் ஆஃப்லைன் இன்ஸ்டாலரைத் தனியாக இறக்க வேண்டும். பெரிய கேம் 4 ஜிபி துண்டுகளாக வரும். ஒரு துண்டு குறைந்தாலும் இன்ஸ்டால் பாதியில் நின்றுவிடும். பேட்ச் வந்தால் புதிய இன்ஸ்டாலரை மறுபடி இறக்கிக்கொள்ளுங்கள், ஒரு தடவை இணையத்தைத் துண்டித்துவிட்டு ஓட்டியும் பாருங்கள்.