லிப் கோப்புறையா, ஒற்றை ஜாரா? ஜாவா 8-இலிருந்து 21-க்குத் தாவிய கதை

சுங்கை சிப்புட்டுக்கு வெளியே செம்பனைக் குலை வாங்கும் மையம் ஒன்றுக்கு 2016-இல் ஒரு சின்ன ஜாவா நிரல் எழுதிக் கொடுத்தேன். லாரி தராசில் ஏறியதும் சீரியல் கேபிள் வழியாக எடையைப் படிக்கும், எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில் பதியும், மாதக் கடைசியில் எக்செல் கோப்பு போட்டுத் தரும். போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலையில் கிராணி அண்ணன் கூப்பிட்டார்.

"தம்பி, பழைய கம்ப்யூட்டர் படுத்துருச்சு. புதுசுல ஜாவா 21 போட்டுக் குடுத்தாங்க. தராசு நம்பர் வரமாட்டேங்குது. வெளிய ஏழு லாரி நிக்குது."

வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்த்துவிட வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும். அன்று கையால் சீட்டு எழுதிச் சமாளித்தார்கள். நான் ஈப்போவில் வேலையில் இருந்தபடி போனிலேயே வைத்தியம் பார்த்தேன்.

தப்பு என்னுடையதுதான். தராசுக்கு ஆர்எக்ஸ்டிஎக்ஸ் என்ற லைப்ரரியை (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்) பயன்படுத்தியிருந்தேன். அந்தக் காலத்து வழக்கப்படி அதன் ஜார் கோப்பை (ஜாவா நிரலைக் கட்டிவைத்த பொட்டலம்) ஜாவாவின் சொந்த லிப்/எக்ஸ்ட் கோப்புறைக்குள்ளும், டிஎல்எல் கோப்பை (விண்டோஸுக்கான துணை நிரல்) பின் (bin) கோப்புறைக்குள்ளும் போட்டுவிட்டேன். பழைய ஜாவா போனபோது இரண்டும் கூடவே போய்விட்டன. இதில் ஒரு வேடிக்கை: 2017-இல் வந்த ஜாவா 9-இலேயே அந்த எக்ஸ்ட் ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள். விஷயம் புரியாமல் அண்ணனிடம் அதே பெயரில் கோப்புறை உருவாக்கி ஜாரைப் போடச் சொன்னேன். அதற்கப்புறம் ஜாவாவே கிளம்ப மறுத்துவிட்டது. அந்தப் பெயரில் கோப்புறை இருந்தாலே ஜாவா நின்றுவிடும், கிளாஸ்பாத்தை (ஜார்களை எங்கே தேடுவது என்று ஜாவாவுக்குச் சொல்லும் பட்டியல்) பயன்படுத்து என்று ஒரு வரி சொல்லிவிட்டு.

சரி, அடுத்து எந்த வழி? நான் நிரல் எழுதும் மென்பொருளான எக்லிப்ஸின் பில்ட் பாத்தில் ஜாரைச் சேர்த்து ஓட்டுவது என் மேசைக்கு மட்டும்தான் உதவும். தராசு அறையில் எக்லிப்ஸ் இல்லை, அது அங்கே இருக்கவும் வேண்டாம். மிச்சம் இரண்டு.

ஒன்று, எல்லா லைப்ரரியையும் நிரலோடு பிசைந்து ஒரே ஜாராக்குவது. நிரலைக் கட்டி, தேவையான லைப்ரரிகளைத் தானே இறக்கித் தரும் மேவன் என்ற கருவியின் ஷேட் செருகியால் இது நடக்கும். ஒரே கோப்பு, சொடுக்கினால் ஓடும், பார்க்க அழகு. முதலில் இதைத்தான் செய்தேன். இரண்டு நாளில் ஒரு இடி. தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தோடு பேசும் டிரைவரையும் சேர்த்திருந்தேன். அதற்குள்ளும் எஸ்கியூலைட் டிரைவருக்குள்ளும் எந்த டிரைவர் உள்ளே இருக்கிறது என்று சொல்லும், ஒரே பெயர் கொண்ட ஒரு அறிவிப்புக் கோப்பு உண்டு. பிசையும்போது ஒன்று மற்றொன்றை விழுங்கிவிட்டது. பொருத்தமான டிரைவர் இல்லை என்று நிரல் புலம்பியது. ஷேட் அமைப்பில் இந்த அறிவிப்பு (சர்வீஸ்) கோப்புகளை ஒன்றுசேர்க்கும் வரியைப் போட்டதும் தீர்ந்தது. கையொப்பமிட்ட ஜார்களைப் பிசைந்தால் இன்னொரு தலைவலி உண்டு, உள்ளே இருக்கும் கையொப்பக் கோப்புகளை விலக்கச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, நான் இப்போது வைத்திருப்பது. நிரலுக்குப் பக்கத்திலேயே லிப் என்று ஒரு கோப்புறை, எல்லா ஜாரும் அதற்குள். கூடவே ஒரு பேட் கோப்பு (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சின்னக் கோப்பு). அது தான் இருக்கும் இடத்துக்கு முதலில் போய், கிளாஸ்பாத்தில் லிப் கோப்புறையை நட்சத்திரக் குறியோடு (உள்ளே உள்ள எல்லா ஜாரும் என்று பொருள்) காட்டி, முதன்மை வகுப்பின் பெயரைச் சொல்லி ஜாவாவை ஓட்டும். விண்டோஸில் கிளாஸ்பாத்தை அரைப்புள்ளியால் பிரிக்க வேண்டும், லினக்ஸில் முக்காற்புள்ளியால். பலரும் சறுக்கும் இடம் இது: ஜாவாவை ஜார் விருப்பத்தோடு (-jar) ஓட்டினால், நீங்கள் கொடுத்த கிளாஸ்பாத்தை அது திரும்பிக்கூடப் பார்க்காது, ஜாருக்குள் இருக்கும் மேனிஃபெஸ்ட் என்ற விவரக் கோப்பில் எழுதியிருப்பதை மட்டும்தான் எடுக்கும். அதனால்தான் நான் வகுப்புப் பெயரைச் சொல்லி ஓட்டுகிறேன்.

அழகில் ஒற்றை ஜார்தான் ஜெயிக்கும். நான் இந்தப் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் பராமரிப்பு. தராசு அறையில் நான் இல்லை, கிராணி அண்ணன்தான் இருக்கிறார். லிப் கோப்புறையைத் திறந்தால் அவர் கண்ணுக்கு எல்லாம் தெரியும். ஆர்எக்ஸ்டிஎக்ஸை விட்டு ஜேசீரியல்காமுக்கு மாறியபோது (அது தன் டிஎல்எல்லைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது, 32 பிட்டா 64 பிட்டா என்று நாம் தேட வேண்டாம்) என் நிரலின் சின்ன ஜாரையும் அந்த ஒரு ஜாரையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், அவர் எடுத்து வைத்தார். ஒற்றை ஜாராக இருந்தால் ஒவ்வொரு தடவையும் 30 எம்பிக்கு மேல் அனுப்ப வேண்டும். மழை நாளில் அங்கே இணையம் இருக்கும் லட்சணத்துக்கு அது மத்தியானம் வரை இழுக்கும்.

இதிலும் ஓட்டை உண்டு. புதிய ஜாரை வைத்துவிட்டுப் பழையதை அழிக்க மறந்தால் இரண்டும் ஏறும். எது முதலில் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஒருமுறை அப்படி ஆகி அரை நாள் போனது. இப்போது எந்த ஜார் அனுப்பினாலும் அழிக்க வேண்டிய கோப்பின் பெயரையும் கூடவே அனுப்புகிறேன்.

மேவனே வேண்டாம் என்று சொல்லவில்லை. எக்செலுக்கான அப்பாச்சி பிஓஐ தனியாக வராது, பின்னால் ஒரு லைப்ரரிப் பட்டாளத்தையே கூட்டிக்கொண்டு வரும். எக்ஸ்எம்எல் அமைப்பைப் படிக்க நான் நம்பியிருந்த ஜாக்ஸ்பியை ஜாவா 11-இல் எடுத்துவிட்டார்கள், அதையும் இப்போது வெளியிலிருந்து சேர்க்க வேண்டும். பழைய ஜாவாக்ஸ் பெயரிலேயே நிரல் இருந்தால் ஜாக்ஸ்பியின் 2.3 வரிசையை எடுங்கள், 3.0-இலிருந்து தொகுப்பின் பெயர் ஜகார்த்தா என்று மாறிவிட்டது. இந்தப் பட்டாளத்தைக் கையால் சேர்ப்பது பைத்தியக்கார வேலை. என் மடிக்கணினியில் மேவனிடம் பொறுப்பைக் கொடுத்து, சார்புகளை (நிரல் நம்பியிருக்கும் லைப்ரரிகளை) நகலெடுக்கும் கட்டளையால் லிப்பை நிரப்பிக்கொள்கிறேன். மையத்துக்குப் போவது கோப்புறை மட்டுமே.

மேவனைப் போன்ற இன்னொரு கருவியான கிராடிலை ஒரே ஒரு வேலைக்குத்தான் தொட்டிருக்கிறேன், அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஜாவாவையே நிரலுக்குப் பக்கத்தில் நகலெடுத்து வைக்கும் வழியை நான்கு மாதமாகத்தான் பார்க்கிறேன். கணினியில் யார் என்ன ஜாவாவைப் போட்டாலும் நிரல் அசைவதில்லை, ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களை இனி நான்தான் நினைவு வைத்துப் போட வேண்டும்.

அடுத்து ஜாவா 25-க்குப் போக வேண்டியிருக்கிறது. ஜாவா 24-இலிருந்து டிஎல்எல் ஏற்றும் லைப்ரரிகளுக்கு ஒரு எச்சரிக்கை வருகிறது. அதை அடக்க பேட் கோப்பில் ஒரு விருப்பம் கூடும். அண்ணன் அந்த எழுத்துகளைப் பார்த்துப் பதறி போன் செய்வதற்கு முன் சேர்த்துவிட வேண்டும்.