சாட்ஸ்வொர்த்தில் ஓர் இரட்டைக் காட்சி: மறக்கப்பட்ட குற்றப் படங்கள்

டர்பனில் இந்திய வம்சாவளியினர் மிகுதியாக வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில், பழைய தென்னாப்பிரிக்கக் குற்றப் படங்களைச் சிறு மண்டபமொன்றில் மாதந்தோறும் திரையிட்டுவரும் ஆர்வலர்கள், இம்முறை ‘ஜோ புல்லட்’ (1973), ‘மபான்ட்சுலா’ (1988) ஆகிய இரண்டையும் ஒரே மாலையில் காட்டினார்கள். கட்டணம் 40 ராண்ட். தேநீரும் சமோசாவும் அதில் அடக்கம்.

முதற்படம், கால்பந்துக் குழுவொன்றைக் குலைக்க முயலும் ரவுடிக் கும்பலை ஜோ புல்லட் என்பவன் தனியாளாய் எதிர்கொள்ளும் கதை. திரைக்கதையில் ஓட்டைகள் ஏராளம். சண்டைகளில் நேர்த்தியைவிட உற்சாகமே மிகுதி. ஆயினும் கென் கம்பு என்ற கறுப்பின நடிகர் துப்பாக்கியும் காருமாக நாயகனாய் வலம்வருவதை நிறவெறி அரசால் பொறுக்க முடியவில்லை. ஜொகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான சொவெட்டோவில் இரண்டே காட்சிகளுக்குப் பின் படம் தடைசெய்யப்பட்டது. அரசியல் பேச முனையாத ஒரு பொழுதுபோக்குப் படத்துக்கு இந்தக் கதி! டர்பனின் க்ரே தெரு வட்டாரத் திரையரங்குகளில் தமிழ்ப் படங்களுக்கு வரிசையில் நின்ற நம் வீட்டுப் பெரியவர்கள், இப்படியொரு படம் எடுக்கப்பட்டதையே அறிந்திருக்க வாய்ப்பில்லை. பல ஆண்டுகள் கழித்துச் செப்பனிடப்பட்ட பிரதியைத்தான் நாங்கள் கண்டோம்.

‘மபான்ட்சுலா’வின் தந்திரம் இதற்கு நேர்மாறானது. இயக்குநர் ஆலிவர் ஷ்மிட்ஸும், அவருடன் சேர்ந்து எழுதி நாயகனாகவும் நடித்த தாமஸ் மொகொட்லானேவும், வெறும் ரவுடிப் படம் என்று அதிகாரிகளை நம்பவைத்து, உள்ளே முழு அரசியலையும் வைத்துவிட்டார்கள். ஜொகன்னஸ்பர்க்கின் பிக்பாக்கெட் பேனிக், தன் காதலி வேலைசெய்யும் வெள்ளையர் வீட்டுக்குப் போய் வம்பு வளர்த்து, வீம்புக்காகச் சன்னல் கண்ணாடியை உடைக்கிறான். வேலை போவதென்னவோ அவளுக்குத்தான். அவன்மேல் எரிச்சல் வருகிறது, அனுதாபமும் விட்டுப்போகவில்லை. பெரிய செட்டுகளுக்குப் பணமில்லாத இத்தகைய படங்களில் நிஜத் தெருவே அப்படியே வருகிறது. கடைப் பலகை, நெரிசல், உடை என்று அக்காலம் தானாகவே பதிவாகிவிடுகிறது. வரலாற்று நூல்களில் கிடைக்காத இந்த விவரங்களுக்காகவே இவற்றை நான் தேடிப் பார்க்கிறேன்.

குறையும் உண்டு. பல மொழிகள் கலந்து பேசும் ‘மபான்ட்சுலா’வுக்கு வசனவரி இன்றியமையாதது, தரை சமமாக இருப்பதால் முன்வரிசைத் தலைகள் அதைப் பாதி மறைத்துவிடுகின்றன. திரையை ஒரு முழம் உயர்த்திக் கட்டலாம். இடைவேளையில் பேசிய அன்பர் இரண்டாம் படத்தின் முடிவையே சொல்லிவிட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. காவல் நிலைய விசாரணைக் காட்சிகள் கடுமையானவை. சிறுவர்களை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.