டிசம்பர் முழுக்க நாளுக்கொரு பீர்: மதிப்பெண் கடைசி வாய்க்குத்தான்

பீருக்கு மதிப்பெண் போடுகிறவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்தான். முதல் வாயில் போடாதீர்கள். கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும்போது போடுங்கள். டிசம்பர் மாதம் முழுக்க தினம் ஒரு புது பீரைத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று எழுதி முடித்த பிறகு இதை உறுதியாகச் சொல்கிறேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே ஊற்றினால் எல்லா பீரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். குளிரில் நாக்கு மரத்துப் போகிறது, வாசனை மேலே எழும்புவதில்லை. குளிர் தணியத் தணியத்தான் பீரின் குணம் தெரியவரும். நல்ல பீர் அப்போது விரியும். சுமாரான பீர் வெறும் இனிப்பும் நனைந்த அட்டை வாசனையுமாகக் குலைந்துபோகும்.

பீர் போட்டி நடுவர்கள் பயன்படுத்தும் பி.ஜே.சி.பி. (பீர் நடுவர்களுக்குச் சான்று தரும் அமைப்பு) தாளில் மொத்தம் 50 மதிப்பெண். வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கும் நுரைப்புக்கும் 5, மொத்தத்தில் எப்படி என்பதற்கு 10. போட்டிக்கு அது சரிதான். வீட்டில் நிதானமாகக் குடிப்பவருக்கு அந்தக் கடைசிப் பத்துதான் எல்லாம். இன்னொரு பாட்டில் கிடைத்தால் குடிப்பேனா என்ற கேள்விக்குத்தான் நான் மதிப்பெண் போட்டேன்.

மாதம் முழுக்க மைத்துனர் கூட இருந்தார். ஒவ்வொரு பாட்டிலையும் பகிர்ந்துகொண்டோம். அவர் தன் எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதி மடித்துவைப்பார். நான் எழுதிய பிறகுதான் பிரிப்பார். பகிர்ந்துகொள்ள வலுவான காரணம் உண்டு. 11.3 சதவீத ஆல்கஹால் உள்ள ஒரு 330 மி.லி. பாட்டில், 4.4 சதவீத பில்ஸ்னர் இரண்டரை பாட்டிலுக்குச் சமம். தினமும் அதைத் தனியாளாக முடித்தால் மூன்றாம் வாரத்தில் நாக்கு எதையும் சொல்லாது, உடம்பும் தாங்காது. இடையிடையே ஆல்கஹால் இல்லாத பீர்களையும் வரிசையில் சேர்த்திருந்தோம். அவற்றில் கோதுமை பீர் வகை மட்டும் தேறியது. மற்றவை ஈர மாவு வாசனை.

முதல் நாள் பில்ஸ்னர் உர்க்வெல். 1842-ல் இன்றைய செக் குடியரசின் பில்சென் நகரில் யோசெஃப் குரோல் என்ற பவேரியக்காரர் காய்ச்சிய பொன்னிற லாகர் (குளிரில் மெல்லப் புளிக்கவிடும் பீர்) இது. இன்று உலகம் முழுக்க விற்கும் வெளிர் லாகர்களில் பெரும்பாலானவை அதன் வழியில் வந்தவை. அவற்றையே குடித்துப் பழகியவருக்கு மூலத்தின் கசப்பு திகைப்பைத் தரும். சாட்ஸ் வகை ஹாப்ஸின் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) பச்சைப்புல் வாசனை, அதன் பின்னால் ரொட்டியின் மேலோட்டைக் கடித்தது போன்ற மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சுவை, கடைசியில் நாக்கைத் துடைத்துவிடும் கசப்பு. நான் 9 போட்டேன். மைத்துனர் 7. தினமும் ஒன்று என்று மதிப்பெண் போடுவதில் இருக்கும் பெரிய குறையே இதுதான். அமைதியான பீர்கள் தோற்றுப்போகும், அடர்த்தியாகவும் இனிப்பாகவும் வருபவை எண்களை அள்ளிக்கொண்டு போகும். மாதக் கடைசியில் அதே பில்ஸ்னரை இன்னொரு முறை ஊற்றிக் கொடுத்தேன். பாதி கிளாஸில் நிமிர்ந்து பார்த்தார். "இதுக்கா ஏழு போட்டேன் மாப்ள? அந்தத் தாளைக் கொண்டா."

டிசம்பர் 6-க்கு சாமிக்லவுஸை ஒதுக்கிவைத்திருந்தேன். புனித நிக்கோலஸ் நாளான அந்த ஒரே நாளில்தான் ஆண்டுக்கு ஒருமுறை அதைக் காய்ச்சுகிறார்கள். பிறகு பத்து மாதம் போலக் குளிரில் முதிரவிடுகிறார்கள். சூரிச்சின் ஹியூர்லிமான் ஆலையில் பிறந்த பீர். 2000 முதல் ஆஸ்திரியாவின் எக்கன்பெர்க் ஆலை காய்ச்சுகிறது. ஆல்கஹால் 14 சதவீதம், ஆனாலும் லாகர். ஈஸ்ட் அவ்வளவு ஆல்கஹாலில் பிழைத்து வேலை செய்வதே பெரிய காரியம். நுரை கிட்டத்தட்ட இல்லை. உலர்திராட்சை, கேரமல், தொண்டையில் இறங்கும் சூடு. முதல் வாயில் நான் 9 என்று எழுதியிருப்பேன். மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியபோது இனிப்பு திகட்டத் தொடங்கியிருந்தது. 7. இரண்டு ஆண்டு வைத்திருந்து திறந்தால் இந்த இனிப்பு அடங்கும் என்று நம்புகிறேன். புதிதாகக் குடிப்பவர்கள் நான்கு பேராகப் பகிருங்கள்.

இரண்டாம் வாரத்தில் பச்சை பாட்டிலில் ஒரு லாகர் வந்தது. மூடியைத் திறந்ததுமே கெட்ட வாடை. பலரும் இதை அந்த பீரின் இயல்பான வாசனை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெளிச்சம் பட்டதால் வரும் கோளாறு அது. ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் வெளிச்சத்தில் உடைந்து, கந்தகம் கலந்த ஒரு சேர்மம் உண்டாகிறது. ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் திரவத்தில் இருப்பதற்கு நெருங்கிய உறவு அதற்கு. மிக மிகச் சிறிய அளவே போதும், மூக்கு பிடித்துவிடும். பழுப்புக் கண்ணாடி அந்த வெளிச்சத்தைப் பெருமளவு தடுக்கும், கேன் முழுக்கத் தடுக்கும். பச்சையும் நிறமற்றதும் காப்பாற்றாது. அந்த பாட்டிலுக்கு நான் எண் போடவில்லை. ஜன்னலோரம் நின்ற பீருக்கு மதிப்பெண் போட்டால் அதைக் காய்ச்சியவருக்கு அநியாயம்.

கோதுமை பீர்களில் வைஹன்ஸ்டெஃபான் 8.5. ஷ்னைடர் அவென்டினுஸ் 9. வாழைப்பழமும் கிராம்பும் இரண்டிலும் மணக்கும். ஆனால் பழமும் போடுவதில்லை, கிராம்பும் போடுவதில்லை, அத்தனையும் ஈஸ்ட் தருவது. 1907 முதல் வரும் அவென்டினுஸ் 8.2 சதவீதம், கரும்பழுப்பு. அதில் அந்த வாழைப்பழம் நன்றாகக் கனிந்து தோல் கறுத்த பழமாக மாறிவிடுகிறது. பாட்டிலின் அடியில் படிந்த ஈஸ்ட்டைக் கடைசியில் சுழற்றி ஊற்றிக்கொள்ள வேண்டும். அதை விட்டுவிட்டு மதிப்பெண் போடக்கூடாது.

ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் காய்ச்சும் ஷ்லென்கர்லா பீருக்கு பீச் (beech) மரத் தீயின் புகையில் மால்ட்டை உலர்த்துகிறார்கள். மைத்துனர் முகர்ந்துவிட்டு கிளாஸைக் கீழே வைத்துவிட்டார், 4. நான் பொறுத்திருந்தேன். மூக்கு புகைக்குப் பழகிவிடும். பழகிய பிறகு அடியில் இருக்கும் சுத்தமான, இனிப்பு குறைந்த மால்ட் மேலே வரும். என் எண் 8.5.

பெல்ஜிய பீர்களில் டூவெல் 8.5, அந்த நுரைக்காகவே இன்னொரு அரை மதிப்பெண் கொடுத்திருக்கலாம். வெஸ்ட்மல் டிரிப்பல் 9. சேஸோன் டூபோன் 9, வறண்டு, மிளகுக் காரத்தோடு. கேனில் வந்த அயர்லாந்தின் கறுப்பு பீர் கின்னஸ் 7: உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உருண்டை நைட்ரஜனைப் பீய்ச்சி அந்தப் பாலாடை நுரையைத் தருகிறது, ஆனால் நுரைக்குக் கீழே சொல்ல அதிகம் இல்லை.

அமெரிக்காவின் சியரா நெவாடா ஆலையின் செலிப்ரேஷன் 1981 முதல் குளிர்காலத்துக்காக வரும் ஐ.பி.ஏ., அதாவது ஹாப்ஸ் தூக்கலான பீர். பைன் மரமும் ஆரஞ்சுத் தோலும் மணக்கும், 8.5. இதை முதிரவைக்காதீர்கள். அந்தப் பருவத்தின் புது ஹாப்ஸில் காய்ச்சுவதுதான் இதன் சிறப்பே. மாதங்கள் போகப் போக அந்த வாசனைதான் முதலில் ஓடும். இதை மட்டும் டிசம்பரின் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பிரஸ்ஸல்ஸின் கான்டியோன் ஆலையின் கூஸ் என்ற புளிப்பு பீர் வந்த இரவில் எங்கள் எண்கள் மிகவும் விலகிப்போயின. காய்ச்சிய சாற்றைத் திறந்த பெரிய தட்டையான தொட்டியில் இரவெல்லாம் ஆறவிட்டு, காற்றில் வரும் ஈஸ்ட்டையே நம்பிப் புளிக்கவிடுகிறார்கள். குளிர்ந்த மாதங்களில்தான் இதைச் செய்ய முடியும், ஆகவே டிசம்பர் அவர்களுக்கு வேலைக்காலம். ஒன்று, இரண்டு, மூன்று ஆண்டு முதிர்ந்தவற்றைக் கலந்து பாட்டிலில் அடைக்கிறார்கள். எலுமிச்சைப் புளிப்பு, பழைய மரம், ஈரக் களஞ்சிய வாசனை. அவர் 3, நான் 9.5. இந்த ஆறரையைச் சமரசம் செய்து நடுவில் ஒரு எண்ணை எழுத நான் ஒப்பவில்லை. சராசரி எடுத்தால் யாருடைய நாவும் சொல்லாத ஒரு எண்தான் கிடைக்கும்.

முழுப் பத்து ஒன்றே ஒன்றுக்கு: ஓர்வல். பெல்ஜியத்தில் டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடம் ஒன்றில் 1931 முதல் காய்ச்சப்படுகிறது, 6.2 சதவீதம். பாட்டிலில் அடைக்கும்போது பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டைச் சேர்க்கிறார்கள். மற்ற ஈஸ்ட் தொடாமல் விட்ட சர்க்கரையையும் அது மெல்ல மெல்லத் தின்னும். அதனால் ஓர்வல் என்பது ஒரே பீர் அல்ல. புது பாட்டிலில் ஹாப்ஸின் கசப்பும் ஆரஞ்சு வாசனையும் முன்னால் நிற்கும். ஓர் ஆண்டு தாண்டியதில் அவை பின்வாங்கி, தோல், உலர்ந்த வைக்கோல், கூர்மையான வறட்சி எல்லாம் வந்துவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பார்த்தோம். புதியது 9, பழையது 10. கிளாஸ் காலியாகும் தறுவாயில்கூட அதில் புதிதாக ஏதோ ஒரு வாசனை எழுந்தது. மைத்துனரின் தாளில் 9.5.

கிறிஸ்துமஸ் வாரத்தில் பட்டை, ஜாதிக்காய் போட்ட பீர்கள் வரிசையாக வந்தன. பெரும்பாலானவற்றில் மசாலா முதல் வாயில் அசத்திவிட்டு, பாதியில் மெலிந்த மால்ட்டைக் காட்டிக்கொடுத்துவிட்டது. 5, 6 என்றே போனது. கிறிஸ்துமஸ் பீராகத் தொடங்கிய ஷிமே நீல முத்திரைக்கு அந்தச் சிக்கல் இல்லை, 8.5.

31-ம் தேதி ரோஷ்ஃபோர் 10 (அந்தப் பத்து பீரின் பெயரில் இருப்பது, என் மதிப்பெண் அல்ல). அந்த 11.3 சதவீதக்காரர் இவர்தான். 12, 13 டிகிரியில் குடிக்க வேண்டியது, ஆகவே முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்திருந்தேன். அத்திப்பழம், சாக்லேட், கொஞ்சம் மிளகு. சாமிக்லவுஸைவிடச் சர்க்கரை குறைவாகவே நாக்கில் படுகிறது. நுரைப்பு அந்தக் கனத்தை ஏந்திப் பிடிக்கிறது. 9.5 எழுதினேன். மைத்துனர் மடித்த தாளிலும் 9.5.