நடையை எண்ணும் பட்டை: இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு

முழங்கால் தேய்மானமும் ரத்த அழுத்தமும் உள்ள 68 வயதுப் பெண்ணுக்கு, கையில் கட்டும் உடற்பயிற்சிப் பட்டை பயன்படுமா? பயன்படும், அமைப்புகளில் பாதியை மாற்றிய பிறகு. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பயன்படுத்தி வருகிறேன். இந்தச் செயலிகளைச் செய்தவர்கள் முப்பது வயது ஓட்டக்காரரை மனத்தில் வைத்தே செய்திருக்கிறார்கள் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

முதலில் 10,000 காலடி என்ற இலக்கைத் தூக்கி எறியுங்கள். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியோடு பரவிய எண் அது. மருத்துவ ஆய்வில் பிறந்ததல்ல. என்னைப் போன்றவர்களுக்குப் பொருந்தும் கணக்கு 2019இல் வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர், சராசரி வயது 72 உள்ள ஏறத்தாழ 17,000 பெண்களை ஆராய்ந்தார்கள். நாளுக்குச் சுமார் 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைவாக இருந்தது. 7,500க்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. நடக்கத் தெம்புள்ளவர்கள்தாம் நடந்திருப்பார்கள் என்ற ஐயம் இத்தகைய ஆய்வுகளில் எப்போதும் உண்டு. இருந்தாலும், எட்ட முடியாத எண்ணைக் காட்டித் தினமும் மாலையில் என்னைத் தோற்றவளாக்குவதைவிட இது மேல். 3,000இல் தொடங்கினேன், இப்போது 4,500.

எண்ணிக்கையையும் அப்படியே நம்ப முடியாது. கை வீச்சை வைத்துத்தான் பட்டை எண்ணுகிறது. மெதுவாக நடந்தாலோ, தள்ளுவண்டியையோ நடைச்சட்டத்தையோ பிடித்து நடந்தாலோ பல காலடிகள் விட்டுப்போகும். அப்போது கைபேசியை இடுப்புப் பையில் வைத்து, அது காட்டும் எண்ணைப் பார்த்துக்கொள்கிறேன்.

நோயாளிகள் கவனிக்க வேண்டியது இதயத் துடிப்புப் பகுதி. 220இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பை ஊகித்து, அதில் இத்தனை சதவீதம் வந்தால்தான் உடற்பயிற்சி என்று பல செயலிகள் கணக்கிடுகின்றன. நான் ரத்த அழுத்தத்துக்கு எடுத்துக்கொள்வது பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை. துடிப்பு ஏறாமல் பிடித்து வைப்பது அதன் வேலைகளில் ஒன்று. எனவே வியர்த்து மூச்சிரைக்க ஏற்றத்தில் நடந்து வந்த பிறகும் 'லேசான செயல்பாடு' என்றே திரையில் வரும். அந்த எண்ணைத் துரத்தி வேகத்தைக் கூட்டுவது ஆபத்து. மருத்துவர் சொன்ன வழி எளிது: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்தத் துடிப்புப் பக்கத்தையே திரையிலிருந்து எடுத்துவிட்டேன்.

இந்த வயதில் நடை மட்டும் போதாது. மாதவிடாய் நின்ற பின் எலும்பு வேகமாகத் தேய்கிறது, தசையும் குறைகிறது. விழுந்தால் இடுப்பு எலும்பு முறியக்கூடும். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையையும் வலிமையையும் வளர்க்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதையும், குதிகால் உயர்த்தி நிற்பதையும் என் பட்டை கண்டுகொள்வதே இல்லை. எண்ணப்படாததைச் செய்ய மனமும் வருவதில்லை.

அந்தக் குறையைத் தீர்த்தது காணொலி அழைப்பு. இயன்முறை மருத்துவர் ஒருவர் நடத்தும் குழுவில், என் வயதையொட்டிய சில பெண்களோடு வாரம் மூன்று காலை சேர்ந்துகொள்கிறேன். "அக்கா, முதுகை வளைக்காமல் எழுந்திருங்கள்" என்று பெயர் தெரிந்த ஒருவர் சொல்லும்போது உடம்பு கேட்கிறது. வராதவரை அன்று மாலையே யாராவது அழைத்து விசாரிக்கிறார்கள். முழங்கால் வீங்கிக் கிடந்த வாரத்தில், 'உங்கள் தொடர்ச்சி அறுபட்டது' என்று செயலி எனக்குச் செய்தி அனுப்பியது. குழுவினரோ உட்கார்ந்தபடியே செய்யக்கூடியவற்றை எனக்காகச் சேர்த்தார்கள். தொடர்ச்சிக் கணக்கை அன்றே அணைத்தேன். இரண்டில் ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் பட்டையைக் கழற்றிவிட்டுக் குழுவில் இருப்பேன்.

பிள்ளைகளோடு தரவைப் பகிர்வதில் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. என் மகள் தினமும் பார்த்துவிட்டு, "ஏன் அம்மா, இன்று ஆயிரம்கூட வரவில்லை?" என்று கேட்க ஆரம்பித்தாள். அக்கறைதான், ஆனால் வேவு பார்க்கப்படுவதுபோல் இருந்தது. வாரச் சுருக்கம் மட்டும் அவளுக்குப் போகும்படி மாற்றிவிட்டோம். இப்போது பேச்சில் வேறு விஷயங்களும் வருகின்றன.

வாங்குபவர்களுக்குச் சில சொற்கள். கண்ணாடி இல்லாமல் படிக்கக்கூடிய பெரிய எண்கள் இருக்கின்றனவா என்று கடையிலேயே பாருங்கள். கொக்கியை ஒரு கையால் மாட்ட முடிகிறதா என்றும் பாருங்கள். விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கு அதுவே தினசரிப் போராட்டம். ரப்பர் வாருக்கு அடியில் எனக்கு அரிப்பு வந்தது, துணி வாருக்கு மாறியதும் நின்றது. இரவில் கழற்றிச் சார்ஜில் போட்டுவிடுகிறேன். தூக்கக் கணக்கு எனக்கு வேண்டாம்; எத்தனை முறை விழித்தேன் என்பது எனக்கே தெரியும்.